பச்சையாகிப் போன மஞ்சள் கரு

— கிண்ணத்தைத் தள்ளாத. நல்லா குனிஞ்சு பாரு. மஞ்சக்கருவாடி இது?

— பார்த்துட்டேன்க்கா. குளத்துப் பாசி மாதிரி இருக்கு. அதுக்கென்ன? இத்தனை நாள் எட்டிக்கூடப் பார்க்காதவ வந்ததும் வராததுமா இதையா காட்டணும்? உட்காரு, தண்ணி கொண்டு வரேன்.

— தண்ணி வேண்டாம். கோல்டு ஸ்டோரேஜ்ல பெட்டி பெட்டியா பிரிச்சுட்டேன். எதை உடைச்சாலும் பச்சை. வெள்ளைக்கரு வேற ஒரு மாதிரி ரோஸா இருக்கு. எல்லாம் உன் பண்ணை முட்டை.

— ஏத்தும்போது உங்க டிரைவர் இங்கேயே உடைச்சுப் பார்த்தானே. கரு தங்கம் மாதிரி இருக்குன்னு அவன் வாயாலதான் சொன்னான். நீங்க வாரக்கணக்கா பூட்டி வெச்சா அதுக்கு நானா பொறுப்பு?

— இங்க பாரு சின்னவளே, என்கிட்ட கதை விடாத. அப்பா பண்ணையில ரெண்டு பேரும் ஒரே தொட்டியில தீனி கலக்கினவங்க. வாசல்ல மூட்டை கிடக்கே, பருத்திப் பிண்ணாக்கு. உன்கிட்ட ஒரு மாடுகூடக் கிடையாது. தெரியாம போட்டியா, தெரிஞ்சு போட்டியா? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

— தெரிஞ்சுதான்.

— சத்தமா சொல்லு.

— தெரிஞ்சுதான் போட்டேன். சோயாவை நிறுத்திட்டு அதைக் கலந்தேன். சும்மா இல்ல, ரொம்ப யோசிச்சேன். கிளிஞ்சல் தூளைக் குறைச்சா ஓடு மெலிசாகி என் தட்டுலயே நொறுங்கும். கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டா வாடை அன்னைக்கே காட்டிக் கொடுத்துடும். இது அப்படி இல்ல. அன்னன்னைக்கு வித்துடுறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. விலை ஏறட்டும்னு குளிர்ல அடுக்கி வைக்கிறவருக்குத்தான் நிறம் மாறும். உன் வீட்டுக்காரருக்குன்னே, மாமாவுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டைக்கா.

— கோழிங்க?

— தீனி எடுக்கிறது குறைஞ்சுது. முட்டையும் குறைஞ்சுது. குறைஞ்சா குறையட்டும்னு விட்டுட்டேன்.

— இவ்வளவு வன்மமாடி உனக்கு?

— வன்மம்தான். அதுக்கென்ன இப்ப? சந்தையே வேடிக்கை பார்க்க என் வீட்டுக்காரரை வெயில்ல நிக்க வெச்சு, 'நாத்தம் பிடிச்ச முட்டை, எவனும் தொடாதீங்க'ன்னாரே மாமா. முட்டையில என்ன நாத்தம்? அவர் கேட்ட அடிமாட்டு விலைக்கு இவர் ஒத்துக்கல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒருத்தரும் வாங்கல. அத்தனையும் குழி தோண்டி மூடினோம். அன்னையிலிருந்து இவர் கொட்டகைப் பக்கம் போறதே இல்ல. உள்ள சுவரைப் பார்த்துப் படுத்திருக்காரு. போய்ப் பாரு, உன்கிட்டயாவது வாயைத் திறக்கிறாரான்னு.

— நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். கல்லாவுக்குப் பின்னாடி.

— தெரியும். நிமிர்ந்துகூடப் பார்க்கல நீ. மாமா மேல இருக்கிறதுல பாதி எரிச்சல் உன் மேலயும் இருக்கு.

— இருக்கட்டும். நியாயம்தான்.

— நியாயம் பேசாத, எனக்குப் பத்திக்கிட்டு வருது. வாங்கினவங்க எல்லாரும் முட்டையைத் திருப்பிக் கொண்டாந்து அவர் கடை வாசல்ல கொட்டணும். அவர் தலை குனிஞ்சு நிக்கிறதை நான் கண்ணால பார்க்கணும். சொல்லுக்கா, கருவைப் பார்த்ததும் மாமா மூஞ்சி எப்படிப் போச்சு? அதைக் கேட்டாத்தான் என் வயிறு குளிரும்.

— உன் மாமாகிட்ட அதுல ஒரு முட்டைகூட இல்ல.

— அவர் டிரைவர்தானே வந்து ஏத்திட்டுப் போனான்?

— அவன் இப்ப எனக்கு ஓட்டுறான். சந்தையில அது நடந்த அன்னைக்கு சாயங்காலமே நான் அந்த வீட்டை விட்டு வந்துட்டேன். என் பேரைக் கேட்டா நீ தர மாட்டேன்னுதான், யாருக்குன்னு சொல்லாம வாங்கிட்டு வாடான்னு அனுப்பினேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வியாபாரம். கையில கிடந்த வளையலைக் கழட்டிக் கொடுத்து, கோல்டு ஸ்டோரேஜ்ல ஒரு ரூமை வாடகைக்குப் பிடிச்சு, உன் முட்டைன்னா நம்பலாம்னு நான் முதன்முதலா வாங்கி வெச்ச சரக்குடி அது.