குப்புறக் கிடந்த சவர்க்காரத் தகடு

பழைய விளம்பரத் தகடுகளை எங்கே இவ்வளவு மலிவாகப் பிடிக்கிறாய் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

கடைக்குப் போகாதீர்கள். கடைக்காரனுக்கு விலை தெரியும். தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாதவர்களின் வளவுக்குப் போங்கள். கொட்டாஞ்சேனைச் சந்துகளில் கோழிக்கூட்டுக் கதவாகவும் கக்கூஸ் கூரையாகவும் எனாமல் தகடுகள் இன்னும் உழைக்கின்றன. குப்புறக் கிடப்பதே நல்ல சாமான். வெயில் படாத படம் மங்காது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். களனியில் வரலாறு படித்ததற்குக் கிடைத்த ஒரே பிழைப்பு இதுதான்.

யூஜினா அக்காவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அவருடைய பின்வளவில் ஒரு பாழுங்கிணறு. கட்டு எப்போதோ இடிந்துவிட்டது. அதன் வாயை மூடிக் கிடந்தது தகடு. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சவர்க்கார விளம்பரம், மூன்று மொழியிலும் எழுத்து. வெள்ளைச் சேலைக்காரி கீறல் ஒன்றுமில்லாமல் சிரித்தாள்.

“அக்கா, இந்தப் பழைய தகரத்தைத் தாங்கோவன். சல்லி தாறன்.”

“விசரே பிள்ளை? சீனி வருத்தத்தில என்ர மனுசன் றெஜிக்கு ரெண்டு கண்ணும் போயிட்டுது. மனுசன் அதில மிதிச்சுத்தான் குளிக்கப் போறது. சல்லியால கிணத்தை மூடேலுமே?”

நியாயமான பேச்சு. ஆகவே நான் சல்லி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூசைக்குப் போன நேரம், ஒரு பிளைவூட் துண்டோடு போனேன். இருப்பதிலேயே மெல்லியது, தடித்தது விலை கூட. என்னையே தாங்காது என்று தெரிந்ததால் ஏறிப் பார்க்கவில்லை. ஆனால் தகட்டின் முதுகிலிருந்த துருவின் நிறம் அப்படியே வரும்வரை மண்ணிறமும் செம்மஞ்சளும் கலந்து முதல் நாளே பூசி வைத்திருந்தேன். வரலாறு படித்தவளுக்குப் புதியதைப் பழசாக்கத் தெரியாதா.

தகடு ஆட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனது. அங்கே கபே நடத்தும் ரொஷானுக்குத் துரு என்றால் உயிர், தன் சுவரில் இருக்கும்வரை.

“செம ஒத்தென்டிக், நிஷாந்தினி,” என்றான். “ஏழைகளின்ட டேஸ்ட்டே தனி.”

அவன் ஆணி அடித்துக்கொண்டிருந்த பின்னேரம், றெஜி அண்ணன் குளிக்கப் போனார்.

செத்த வீட்டுக்கும் நான் போனேன். மரியாதை தெரிந்தவள். யூஜினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“முதல் காலை வச்சிட்டு, ‘யூஜி, சத்தம் வேற மாதிரிக் கிடக்கு, ஒருக்காப் பார்’ எண்டவர். நான் மெசினில இருந்து எட்டிப் பார்த்திட்டு, ‘அதே தகரம்தான், பயப்பிடாம நடவுங்கோ’ எண்டனான் பிள்ளை.”

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? தகட்டை எடுத்தது நான், பலகையை வைத்ததும் நான், நிறம் பூசியதும் நான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நடக்கச் சொன்னது நான் இல்லையே.