ரிவ்காவின் பெயரை வைத்த நாள்

ஓடுகிறோம். இந்த வயல் முடிந்தால் சதுப்பு நிலம். பின்னால் இயந்திரத் துப்பாக்கி. தட்தட்தட். நிற்கிறது. மறுபடி தட்தட்தட். அம்மா விழுந்துவிட்டாள். விழுந்த இடத்திலிருந்தே கத்துகிறாள்.

"நாணலுக்குள்ள ஓடுங்கோ! என்னைப் பார்க்காதையுங்கோ!"

தங்கை ரிவ்கா எனக்கு முன்னால் ஓடுகிறாள். ஒன்பது வயது. பச்சைத் தலைத்துண்டு. வைக்கோல் கொட்டில் எரிகிறது. புகை எங்களுக்கு நடுவே புகுந்தது. அது விலகியபோது அவளைக் காணவில்லை. அவள் விழுந்ததையும் நான் காணவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

எங்களுடையது பெலாரஸில் ஒரு சின்ன ஊர். ஆறு, சந்தை, மரத்தால் கட்டிய தொழுகைக்கூடம். ஊரில் பாதிப் பேர் யூதர்கள். அப்பா தோல் பதனிடுபவர். அவர் வருவதற்கு முன் அவருடைய நாற்றம் வந்துவிடும் என்று அம்மா கேலி செய்வாள். ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். எங்களை ஒரே தெருவுக்குள் அடைத்தார்கள். அப்பாவையும் அண்ணன்மார் இருவரையும் குழி வெட்டக் கூட்டிப் போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. மறுநாள் காலை லொறிச் சத்தம். மிச்சமிருந்தவர்களை ஏற்றிப்போக வந்த லொறிகள். அம்மாவும் ரிவ்காவும் நானும் வயலுக்குள் ஓடினோம்.

போர் முடிந்து போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேறு ஆட்கள். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் உருளைக்கிழங்குக் கிடங்கு. ரிவ்காவைக் கண்டவர் யாருமில்லை.

மெல்பேர்னுக்கு வந்தேன். தையல் தொழிற்சாலையில் வேலை. அகதிகள் கப்பல் வருகிறது என்றால் லீவு போட்டுத் துறைமுகத்துக்குப் போவேன். இறங்குகிற முகங்களைப் பார்ப்பேன். முதலில் பதினாறு வயதுப் பெண்களை; ரிவ்காவுக்கு அப்போது அந்த வயதுதான். பிறகு கைக்குழந்தைக்காரிகளை. பிறகு நரை தொடங்கியவர்களை. எனக்குப் பைத்தியம் என்றார் கணவர். இருக்கட்டும் என்றேன்.

இது 1975. மகள் லியாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கமாட்டோம். இறந்தவர் பெயரைத்தான் வைப்போம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி லியா கேட்டாள்.

"அம்மா, ரிவ்கா எண்டு வைக்கட்டோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் தங்கையை நீ கொல்லப் பார்க்கிறாயா என்று கத்தினேன். தாதி ஓடிவந்தாள். லியா குரலை உயர்த்தவில்லை.

"நாங்கள் வைக்காட்டி, அந்தப் பெயரை வேற ஆர் அம்மா வைக்கப்போயினம்?"

வெளியே டிராம் மணி. இரண்டு தரம். யோசித்துப் பார்த்தேன். யாருமில்லை. அவளைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பிள்ளையைத் தூக்கினேன். ரிவ்கா என்று கூப்பிட்டேன். அந்த வயலுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்காக அழுதேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஊர் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இல்லை. அப்பா. அம்மா. அண்ணன்மார் இருவர். கேட்டவர்களுக்கெல்லாம் இதுவரை நான்கு பேர் என்றுதான் சொல்லிவந்தேன். இனி ஐந்து.