அட்டைக்கடி கிளப்புல என் அஞ்சு நிமிசம்

...அந்தச் சப்பாத்துச் சேத்தைத் தட்டிட்டு ஏறுங்க தம்பி, இதைச் சொல்லப் போயித்தானே எனக்கு அந்தக் கெதி! வாங்க, ரூமைப் பாருங்க. பேண்டு பழகத்தானே கேட்டீங்க? எழுவத்தெட்டுல அட்டன் டவுனுக்கே ஒரே நைட் கிளப்பு இங்கதான் நடந்திச்சு. அட்டைக்கடி கிளப்பு! நைட்டாவது மண்ணாவது... பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரணும்.

இக்னேசியஸ்னு ஒரு தோட்டத்துக் கிளாக்கரு, அவன்தான் தொடங்கினான். தோட்டத்துல ஆளுங்களை வேலை வாங்குற கண்டாக்கையா மாதிரி அரைக்கால்சட்டையை மாட்டிக்கிட்டு, விடியக்காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல அவரு கத்துறதை அப்படியே செஞ்சு காட்டுவான். நடுநடுவுல கஸ்பரு சக்சபோன் ஊதுவான். கோயில் பேண்டுக்காரன்தான், ஆனா ஜாஸ் ஊதினா... சும்மா சொல்லக் கூடாது, கீழ வெத்தில விக்கிறவரே தலையாட்டுவாரு.

சரி, ஊரைக் கிண்டல் பண்ணினா பண்ணிட்டுப் போ. என்னையில்ல பண்ணினான்! சேலையைச் சுத்திக்கிட்டு, "சேத்தோட ஏறாதீங்கடா, இது என்ன மாட்டுப்பட்டியா"ன்னு... எனக்கு வந்திச்சே கோவம்! மேடையில ஏறி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். சனம் உருண்டு பொரண்டு சிரிக்குது. நாடகம்னு நெனைச்சிட்டாங்க! அடுத்த கெழமை, "மரியநாயகி அக்காவை வரச் சொல்லு"ன்னு ஒரே சத்தம்.

அஞ்சே நிமிசம் பேசுங்கன்னான் இக்னேசியஸ். அஞ்சு நிமிசத்துல என்னத்தைத் தம்பி பேசுறது? சேத்தைச் சொன்னா படியைச் சொல்லணும், படியைச் சொன்னா அதைக் கட்டின மேசன்பாஸ் சோலைமலையைச் சொல்லணும், அவனைச் சொன்னா அவன் சம்சாரத்தை விட முடியுமா? பாதியில பஸ்காரன் ஹோர்ன் அடிச்சிருவான், சனம் எந்திரிச்சு ஓடிரும். கஸ்பரு சக்சபோனைப் பொட்டிய விட்டு எடுக்கவே மாட்டான், சோம்பேறி! அப்புறம்... ஒருத்தனும் வரலை. இக்னேசியஸ் டயகமத் தோட்டத்துக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டான். நன்றி கெட்டவனுங்க! கிளப்பு ஏன் மூடிச்சின்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கலை.

ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? மறுபடி ஒருக்கா மேடையில ஏறணும், சனம் சிரிக்கணும். அதுதான் எனக்கு ஆசை. அன்னிக்கு மாதிரி சந்தோசமா நான் இருந்ததே இல்லை தம்பி. வாடகையே வேணாம், நீங்க கச்சேரி வைக்கிற அன்னிக்கு எனக்குக் கொஞ்ச நேரம் தாங்க, போதும். இப்பவே பேசிக் காட்டுறேன், கேளுங்க. எங்க வீட்டுக்காரரு இருந்தாரே... ஏன், கையெடுத்துக் கும்பிடுறீங்க? ஒக்காருங்க! அட, ரூமு புடிக்கலியா? தம்பி... தம்பி! எறங்காதீங்க, சிரிக்கிற எடம் இன்னும் வரவே இல்லையே!