படகில் எழுதியிருந்த பாஸ்வேர்டு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டால், அன்றைக்குப் பூராவும் எனக்கு மனசு நன்றாக இருக்கும். கீழவீதியில் வீடு, கடலூர் முதுநகரில் வேலை. ஏழு வருஷமாகப் போய் வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: பெயர் நடேஷ், வேலை கம்ப்யூட்டர் பராமரிப்பு.

சுனாமிக்குப் பிறகு தொடங்கிய சின்ன அறக்கட்டளை அது. கடலில் பெருங்காற்று வரப்போகிறதென்றால் முதல்நாள் சாயங்காலம் நாலரைக்கு முப்பத்தோரு மீனவக் குப்பங்களுக்குப் போனில் செய்தி அனுப்புவோம். அங்கே அதை மைக்கில் படிப்பார்கள். முதலில் தினமும் அனுப்பினோம், யாரும் சட்டை செய்யவில்லை. ஆபத்தான நாளுக்கு மட்டும் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். செய்தி வந்தால் படகு நிற்கும், வராவிட்டால் போகும். எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

அனுப்புகிற வேலை திலகவதியுடையது. குப்பத்துப் பெண், கடலூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அம்மா சுனாமியில் போய்விட்டாள். நிவாரணத்தில் கிடைத்த படகுக்கு அப்பா பூவராகன் மனைவியின் பெயரையே வைத்தார். மங்கம்மா என்று முழ உயரத்துக்குச் சிவப்பில் எழுதியிருக்கும். திலகவதியின் பாஸ்வேர்டும் அதுவே. டீ கொண்டுவருகிற பக்கிரிக்குக்கூட அது தெரியும்.

மாற்றச் சொல்லி மூன்று கூட்டத்தில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மூன்றாவது கூட்டத்தில் மேலாளர் சத்யநாராயணன் சிரித்தார். "ஏன் நடேஷ், நம்மகிட்ட என்னாத்த திருடப் போறாங்க? மீன் கொழம்பையா?"

"தெனம் ஒருவாட்டி எங்கம்மாவப் பேர் சொல்லிக் கூப்புடறாப்ல இருக்கு சார். அத மாத்தச் சொல்லாதீங்க" என்றாள் திலகவதி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடேஷ் சாருக்கு மனுசங்கள விட பூட்டு மேலதான் பாசம் ஜாஸ்தி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

2009 ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை. மறுநாள் பலத்த காற்று என்று தகவல் வந்திருந்தது. நாலேகாலுக்குத் திலகவதி டீ குடிக்க எழுந்து போனாள். நான் என் மேசையிலிருந்தே அவள் பெயரில் உள்ளே போய், பட்டியலிலிருந்து ஒரே ஒரு குப்பத்தின் எண்களை நீக்கினேன். மற்ற முப்பதுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அவளுடைய குப்பத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. வானம் கறுத்தால் பூவராகன் மகளுக்குப் போன் போட்டுக் கேட்பார், விஷயம் உடனே வெளியே வரும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமும் ஜன்னலோரம்தான் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போதே காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. பூவராகன் நம்பர் என் போனில் இருந்தது, போன் சட்டைப்பையில் இருந்தது. நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் யார் பாடம் கற்பார்கள்? ஜன்னலை இறக்கிவிட்டேன்.

விடியுமுன் அந்தக் குப்பத்திலிருந்து ஏழு படகுகள் போயின. ஆறு திரும்பின. திரும்பியவர்களில் பழனிவேல் என்பவர் சொன்னார்: கரையில் பழனிவேல் தயங்கினாராம், பூவராகன்தான் தைரியம் சொன்னாராம். "மழதான் மச்சான் வரும். காத்துன்னா எம் பொண்ணு சொல்லாம இருக்குமா?" மங்கம்மா மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியது. எழுத்து அழியவில்லை. பூவராகன் கிடைக்கவே இல்லை.

விசாரணையில் கம்ப்யூட்டர் பதிவைப் படிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளதை உள்ளபடி படித்தேன். நாலு பதினெட்டுக்குத் திலகவதி என்ற பெயரில் நீக்கப்பட்டிருக்கிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்க ஊரப் போயி நான் ஏன் சார் அழிச்சேன்?"

"கை தவறியிருக்கும்மா" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் நடந்தது. மாதா மாதம் புதுப் பாஸ்வேர்டு, அவரவருக்குத் தனித்தனி அனுமதி. இன்றுவரை ஒரு கோளாறு இல்லை. திலகவதி வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிறாள். அப்பா திதிக்கு மறுநாள் வந்து ஆபீஸ் வாசலிலேயே நிற்பாள். "இன்னொருவாட்டி பாத்துச் சொல்லுங்க சார். நாந்தானா?" இரண்டு வருஷம் பார்த்துச் சொன்னேன், நீதான் என்று.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. "இனிமே வரமாட்டன் சார். நாந்தான்னு ஒத்துக்கிட்டேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாததை ஒருத்தி ஒப்புக்கொண்டால் பதிவு தப்பாகிவிடும். அதைத் திருத்தத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீக்கியவன் நான். காற்று வருவது தெரிந்தும் போன் செய்யாதவனும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஐயா, நான் மூன்று கூட்டத்தில் சொன்னதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அம்மா பெயரை மட்டும் மாற்றியிருந்தால், அவள் அப்பா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.