நாலு வலிக்கு ஒரு ஸ்டூல்

திருமழிசையில் வேலை முடிந்து ஏறிய இரண்டு பெண்கள், பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"என் வலிக்கு இன்னிக்கு ஸ்டூல் குட்த்துட்டாங்கடி," என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"மூணு மாசமா சூப்பர்வைசர் நோட்டுல 'பெயின்'னு ஒரே வார்த்த எழுதிகினு, ஒரு மாத்திரய குட்த்து மெஷினாண்ட நிக்க வெச்சான். இன்னிக்கு போனதும் அவன புடிச்சிகினேன். குதிகால் குத்துது, முட்டி கொடையுது, மத்தியானத்துக்கு மேல இடுப்பு கடுக்குது, ஊட்டுக்குப் போனா பாதம் எரியுது, அத்தினியும் தனித்தனியா எழுதுன்னேன்."

"எழுதினானா?"

"பாதியிலயே பேனாவ மூடிட்டான். ஒவ்வொருத்தியும் இப்டி சொன்னா நோட்டு பத்தாதுன்னு, எங்க லைன்ல நிக்கிற எல்லாருக்கும் ஸ்டூல் எட்த்தாரச் சொன்னான்!"

பக்கத்தில் ஓர் இருக்கை காலியானது. இளையவள் அவளை உட்காரச் சொன்னாள்.

"நீ ஒக்காருடி. நான் நாள் பூரா ஒக்காந்துகினுதான் இருந்தேன்."