முட்டுச் செங்கல்

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது செருப்பைக் கழுவுவது. பல் விளக்குவதுகூட அதற்குப் பிறகுதான். முந்தின நாள் தெருவில் மிதித்ததெல்லாம் அதில் இருக்கிறது. வாளியில் சோப்புத்தூள் கரைத்து, தேங்காய் நாரால் அடியைத் தேய்த்து, கொல்லைச் சுவரில் சாய்த்து வைப்பேன். பிறகு கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். வீட்டைப் பெருக்கி, ஃபினாயில் விட்டுத் துடைப்பேன். அப்புறம்தான் காப்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வரிசைதான். செருப்பைக் கழுவினேன். தரையைத் துடைத்தேன். கூடத்தில் மீன் தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில் அடுக்கியிருந்த செங்கல்களை எடுத்தேன். அவற்றின் கீழே பச்சையாக வழவழவென்று ஏதோ பிடித்திருந்தது. ஒரு கரப்பான் ஓடியது. செங்கல்களைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தேய்த்து வெயிலில் வைத்தேன்.

தரையிலிருக்கும் சிவப்புக் கறையைக் காட்டி நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சிமெண்டுத் தரையில் செங்கல் கறை லேசில் போகாது. நானும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவர் நீங்கள்தான். இப்போது நீங்களே திரும்பி வந்து கேட்கிறீர்கள். சொல்வதில் எனக்குத் தடையில்லை. உட்காருங்கள். நாற்காலி துடைத்ததுதான்.

என் ஊர் சாயல்குடிப் பக்கம். இங்கே உச்சிப்புளியில் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். முத்தழகு என் தாய்மாமன் மகள். கல்யாணமான மறுவருஷம் ஏழாம் மாதத்திலேயே அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. உயிர் இல்லை. நர்ஸ் துணியில் சுற்றி நீட்டினார். நான் வாங்கவில்லை. முத்தழகு வாங்கினாள். துணியை விலக்கி, மூடியிருந்த விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. பழுப்பாக ஏதோ அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அன்று மத்தியானம் அந்தக் கையால் பன்னைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். கழுவிய கைதான். கழுவியதை நான் பார்த்தேன். இருந்தாலும், அந்தக் கை.

வீட்டுக்கு வந்தபின் அவள் அதிகம் பேசவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சமையல்கூட நான்தான் செய்தேன். வீடு சுத்தமாக இருந்தது. அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

பக்கத்து வீட்டு நூர் நிஷாதான் அதைக் கலைத்தார். அவர் கணவர் மதார் கடலில் சங்கு குளிக்கிறவர். ஒருநாள் நூர் நிஷா பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீரும் சில வண்ண மீன்களுமாகக் கொண்டுவந்து முத்தழகின் முன்னால் வைத்தார்.

"ஏத்தா, எந்நேரமும் செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்க. செவரு என்ன சினிமாவா காட்டுது? இதப் பாரு. இதாச்சும் அசையும்."

முத்தழகு சிரித்தாள். எழுந்து உட்கார்ந்து வாளிக்குள் கையை விட்டாள்.

ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கடையில் சொல்லி நாலடி நீளத் தொட்டி செய்தேன். அவள் கேட்டாள், செய்து கொடுத்தேன். அவள் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை; யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். தொட்டியை முதலில் தரையில்தான் வைத்திருந்தோம். குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது என்றாள். ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்றாள்.

மாமா உக்கிரபாண்டிக்குச் செய்தி போனது. அவர் சாயல்குடியில் தன் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்திருந்தார். அதன் பனங்கட்டைகளை வேனில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். நான் கடையில் மரம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எங்க வீட்டுப் பனைய விட்டுட்டுக் கடையில போயி மரம் வாங்குவீகளோ? எங்க தாத்தன் காலத்துக் கட்ட மாப்ள. மூணு தலமொற ஓட்டச் சொமந்துச்சு. ஒரு மீன் தொட்டியச் சொமக்காதா?"

எங்கள் பக்கத்தில் பனை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். கூரையில், காய்ந்த இடத்தில், அது நிற்கும். பெண் வீட்டிலிருந்து வந்த மரத்தை வேண்டாமென்று சொல்லவும் முடியாது. ஆனால் பனை எனக்கு வகுப்பில் நடத்துகிற பாடம். கரும்பலகையில் படமே போடுவேன். வைரம் முழுவதும் வெளி ஓரத்தில் இருக்கும். உள்ளே இருப்பது மெத்தென்ற சோறு. தண்ணீர் பட்டால் அந்தச் சோறு ஊறும். வெளியே கறுப்பாக, கல் மாதிரி தெரியும்போதே உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும்.

சோற்றைச் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். பாதி எடுத்தேன். உளியில் ஒட்டிய நார் கையில் பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்புப் பக்கத்தை வெளியே வைத்துக் கால்களை நிறுத்தினேன். பனையில் ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். அதனால் துளை போட்டு போல்ட்டு முடுக்கினேன். சதுரமாக, ஆட்டமில்லாமல் அமைந்தது. மாமா வந்து ஒரு காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு வேல மோசமில்ல" என்றார். அப்போது என் மனதில் எந்த எண்ணமும் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. அவள் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அழுக்குத் தண்ணீரை இறக்குவாள். சில நேரம் வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டுச் சிரிப்பாள். மீனுக்கு இறால் நறுக்கிய கத்தியாலேயே வெங்காயம் நறுக்குவாள். நகத்துக்குள் பச்சையாக இருக்கும். தலையணையில் பாசி வாடை அடித்தது. அவள் முன்பக்கமாகவே சாய்ந்து வேலை செய்வதால் உப்புத் தண்ணீர் எப்போதும் முன்கால்கள் இரண்டிலும்தான் வழிந்தது. நான் துடைப்பேன். மறுபடி வழியும்.

நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போவதை நூர் நிஷா பார்த்துவிட்டார். "ஏத்தா, ஒங்க வாத்தியாரு மீனு சாப்புட மாட்டாகளா, இல்ல மீனு வாத்தியாரச் சாப்புட்டுருமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். முத்தழகு அப்படிச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

மழைக்காலம் முடியும்போது முன்கால் ஒன்றின் உட்புறத்தை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. வெதுவெதுப்பாக இருந்தது. ஊசிப்போன பழைய சோற்றின் வாடை. மற்றதும் அப்படித்தான். விரலைப் பலமுறை கழுவினேன். பிறகு முன்சட்டத்துக்கு அடியில் செங்கல்களை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். தொட்டியின் பாரம் அதன் பிறகு செங்கல்லில்தான் நின்றது. கால்களுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். செங்கல் எதற்கு என்று முத்தழகு கேட்டாள். எறும்பு ஏறாமலிருக்க என்றேன். சரி என்றாள். அவள் என்னை எதற்கும் இரண்டாம் தடவை கேட்க மாட்டாள்.

நான் முட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். விழட்டும் என்று நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை மதார் ஒரு கடல் அட்டையைக் கொடுத்துவிட்டார். முற்றிய வெள்ளரிக்காய் அளவு. முகம் கிடையாது. தொட்டியில் விட்ட சற்று நேரத்தில் அது சுருங்கி, பின்பக்கமாகத் தன் குடலை வெளியே தள்ளியது. வெள்ளையாக, நூல் நூலாக. முத்தழகு அதை உள்ளங்கையில் அள்ளினாள்.

"பயந்துருச்சு மச்சான், பாவம். கொடலெல்லாம் வெளிய வந்தாலும் சாகாதாம். உள்ள புதுசா மொளச்சுக்கிருமாம். நூர் நிஷாக்கா சொன்னாக."

அதை வாளியில் போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நாமளும் ஒருக்காப் போயி டாக்டரப் பாப்பமா மச்சான்? எனக்கு இப்பப் பயமில்ல."

யோசிப்போம் என்றேன். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாய் கொப்பளித்தேன். பிறகு சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு அரியமான் கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் கொண்டுவந்து தொட்டியின் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். வழக்கமாக அதில் முக்கால் பங்குதான் இருக்கும். என் கையால் நான் அதற்குத் தண்ணீர் ஊற்றியது அதுவே முதல் தடவை. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன மச்சான், மழ வரப்போவுதா?" என்றாள். மிகவும் சந்தோஷமாக இருந்தாள். அவளுடைய கடைசி மாலை சந்தோஷமானது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் செங்கல்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். ஆமாம், தெரிந்துதான் எடுத்தேன். சுத்தம் செய்தேன் என்று சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே வேலை. எடுத்த உடனே ஒன்றும் விழவில்லை. லேசாக ஒரு முனகல் மட்டும் மரத்தில் கேட்டது. முத்தழகு குளித்துவிட்டு வந்து, பலகையைப் போட்டுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். தள்ளி உட்கார் என்று சொல்ல நேரம் இருந்தது. நான் கொல்லையில் செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுபக்கமும் காய வேண்டும்.

சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீர்ச் சத்தம்தான் அதிகம். தண்ணீர் கொல்லை வாசல் வரைக்கும் வந்தது. நான் வாசற்படியில் நின்றேன். கால் கழுவியிருந்தேன். தரை முழுக்க உப்புத் தண்ணீர், கண்ணாடி, துள்ளுகிற மீன்கள். ஸ்டாண்டு அவள் மடியில் சாய்ந்திருந்தது. கண்ணாடி தொடையில் ஆழமாக வெட்டியிருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன் நான். அப்படி வெட்டினால் மேலே எங்கே அழுத்த வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று தெரியும். முகம் நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்தாள். பேசினாள்.

நான் திரும்பிப்போய்ச் சுவரோரம் இருந்த செருப்பை எடுத்தேன். ஈரமாக இருந்தது. ஈரச் செருப்பைப் போட்டால் எனக்கு விரலிடுக்கில் புண் வரும். துணியால் துடைத்தேன். வாரையும் துடைத்தேன். வெயிலில் சற்று வைத்தேன். போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்த அட்டை கிடந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் நின்றேன்.

நூர் நிஷா தெருவாசல் வழியாக ஓடி வந்தார். வெறுங்காலோடு கண்ணாடி மேலேயே ஓடினார். அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது முத்தழகுக்குப் பேச்சில்லை. அந்தம்மா இன்னும் நொண்டித்தான் நடக்கிறார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் இறந்தவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்பார்கள். அதை வைத்துத்தான் அழுவார்கள். அத்தை வீரலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக என்னய்யா சொன்னா?" என்று கேட்டார். "ஆத்தான்னு கூப்பிட்டா அத்தை" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. நூர் நிஷாவிடம், மீன்களை அவரையே பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். அவர் மிச்சமிருந்தவற்றைப் பானையில் போட்டு எடுத்துப் போனார். உங்களிடம், நான் வரும்போதே உயிர் இல்லை என்றேன். யாருக்கு எது தேவையோ அதைக் கொடுத்தேன். இதில் யாருக்கும் தீங்கில்லை.

அவளை நான் வெறுத்ததே இல்லை. அவள் என்ன சொன்னாளோ அதைத்தான் கடைசி வரைக்கும் செய்தேன். வாசற்படியில் வெறுங்காலோடு நின்ற என்னைப் பார்த்து அவள் உண்மையில் சொன்னது இது.

"உள்ள வராதீக மச்சான். கண்ணாடி கெடக்கு. செருப்பப் போட்டுட்டு வாங்க."