வேலிக்குப் பின்னாலை மின்சார ரெயில்

செல்வமலர்: …அந்த ஆணி வளைஞ்சு போச்சு அண்ணை. வேறை எடுங்கோ.

பாலேந்திரா: வளையேல்லை. பலகைதான் ஈரம். நீங்கள் உள்ளுக்குப் போய் இருங்கோ தங்கச்சி, குளிருது.

செல்வமலர்: ஹரோவிலை இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தது உள்ளுக்கை இருக்கவே? எங்கடை அண்ணா இந்த வேலி ஓட்டையாலைதானே போறவர்?

பாலேந்திரா: ஓம்… இதாலைதான்.

செல்வமலர்: இவ்வளவு சின்ன ஓட்டையாலையோ? அவற்ரை வண்டி வயித்துக்கு?

பாலேந்திரா: வயித்தை எக்கிக்கொண்டு போவார். ஒருநாள் நடுவிலை இறுகிப்போய், நானும் எங்கடை வீட்டிலை இருக்கிற யாக்கோப்பும் பின்னாலை நிண்டு தள்ளினனாங்கள். 'குலசேகரம் அண்ணை, பிட்டைக் குறையுங்கோ' எண்டால், 'வேலியைப் பெருசாக்குங்கோடா' எண்டார்.

செல்வமலர்: அவற்ரை வாய்… அது சும்மா கிடவாது.

பாலேந்திரா: அப்பாடா, சிரிச்சிட்டீங்கள்.

செல்வமலர்: அண்ணா செத்தாப் பிறகு இப்பதான்… இனி இதை அடைச்சு என்ன அண்ணை?

பாலேந்திரா: மற்றவங்கள் போகாமல் இருக்கட்டும். நாங்கள் வேலை செய்யிற பெற்றோல் செட் அந்தா, லைனுக்கு அங்காலை லைற் தெரியுது. பாலத்தைச் சுத்திப் போறதெண்டால் அரை மணித்தியாலம். இதாலை போனால் ஒரு சிகரெட் முடியமுன்னம் ஷிப்டிலை நிக்கலாம்.

செல்வமலர்: அதுக்காக ரெயில் பாதையிலை இறங்கிறதே? படிச்ச மனிசர்தானே நீங்கள்…

பாலேந்திரா: ஊரிலை, கொக்குவிலிலை நீங்கள் எதாலை பள்ளிக்கூடம் போனீங்கள்?

செல்வமலர்: …தண்டவாளத்தாலை.

பாலேந்திரா: பிறகென்ன? எங்கடை சனத்துக்குத் தண்டவாளமும் ஒரு ஒழுங்கைதான்.

செல்வமலர்: அங்கை ரெயில் வந்தால் கேக்கும்.

பாலேந்திரா: இஞ்சையும் கேட்டது. பழைய டீசல் ரெயில் பாலத்தடிக்கு வரேக்கையே எங்கடை குசினிக் கிளாஸெல்லாம் கிணுகிணுக்கும். குலசேகரம் அண்ணை இதிலை நிண்டு, தலையைச் சரிச்சுக் கேட்டிட்டு, 'வரேல்லை, வாங்கோடா' எண்டுவார். நாங்கள் பின்னாலை போவம். கண்ணாலை பாக்கவே மாட்டார். 'இந்தப் பனிப் புகாருக்கை கண் என்னத்துக்கடா' எண்டு எங்களைத்தான் பேசுவார்.

செல்வமலர்: அண்டைக்கும் புகாரோ?

பாலேந்திரா: நல்ல புகார்… பொறுங்கோ. அந்தா வருது.

செல்வமலர்: எது? எனக்கொண்டும் கேக்கேல்லையே… எங்கை அண்…

பாலேந்திரா: தள்ளி நில்லுங்கோ!

செல்வமலர்: ஐயோ அம்மா!

பாலேந்திரா: …கண்டீங்களோ? முன்னுக்கு வந்து நிண்டாப் பிறகுதான் காத்தே அடிக்கும். இதுதான் புது ரெயில். ஓட விட்ட முதல் கிழமையே எங்கடை ஆளைக் கொண்டு போட்டுது.

செல்வமலர்: தூண் நட்டதையும் மேலை வயர் இழுத்ததையும் அண்ணா கண்டவர்தானே?

பாலேந்திரா: வெயில் காலம் முழுக்க இழுத்தவங்கள், காணாமல் என்ன? 'கறண்ட் மேலாலை போகுது, நாங்கள் கீழாலை போறம். அவனுக்கும் எங்களுக்கும் என்ன சண்டை' எண்டு சொன்னவர். சத்தம் கேளாது எண்டு ஒருத்தருக்கும் ஓடேல்லை தங்கச்சி.

செல்வமலர்: அதைத்தான்… அதைத்தான் அண்ணை நீங்கள் வியாழக்கிழமை கோட்ஸிலை வந்து சொல்லோணும்.

பாலேந்திரா: எதை?

செல்வமலர்: அண்ணாவுக்குத் தெரியாதெண்டு. மரண விசாரணையிலை ரெயில்வே ஆக்கள் வந்து சொல்லப்போயினம். வீடு வீடாய்த் தட்டினவையாம். புது ரெயில் சத்தமில்லாமல் வரும், லைனிலை இறங்காதையுங்கோ எண்டு சொல்ல வந்தவையாம். அப்ப தெரிஞ்சுகொண்டுதானே போயிருக்கிறார் எண்டு கேப்பினம். அதுவும் அகதி எண்டு போட்ட அசைலம் கேஸ் தள்ளுபடியான மனிசன்…

பாலேந்திரா: ஆர் அப்பிடிக் கதைக்கிறது?

செல்வமலர்: ஆர் கதைக்கேல்லை? கோயிலிலை சுலோச்சனா அக்கா என்ரை கையைப் பிடிச்சு, 'மனம் வெறுத்துப் போச்சாக்கும் பாவம்' எண்டு அழுகிறா. எண்பத்தஞ்சிலை வந்து இறங்கின நாள் தொடக்கம் கேஸ், கேஸ் எண்டு அலைஞ்சவர்… இப்ப தற்கொலை எண்டு முடிச்சுவிட்டால் ஊரிலை அம்மா தாங்கமாட்டா அண்ணை. தன்ரை பிள்ளை தானாய்ச் செத்தான் எண்டு நினைச்சுக்கொண்டே அவவும் போயிடுவா.

பாலேந்திரா: அவர் சாகப் போகேல்லை! சாகப்போறவன் இரவுச் சமையலுக்கு மீன் பிரட்டி வைச்சிட்டே போவான்? தூள் போட்டு, மஞ்சள் போட்டு, 'ஒருத்தனும் தொடக்கூடாது, வந்து நான்தான் பொரிப்பன்' எண்டிட்டுப் போனவர்.

செல்வமலர்: மீனோ…

பாலேந்திரா: விளைமீன். எறிய ஒருத்தனுக்கும் மனமில்லை. ஐஸ் பெட்டிக்கை தள்ளிவிட்டிருக்கிறம்.

செல்வமலர்: …அதைச் சொல்லுங்கோ கோட்ஸிலை.

பாலேந்திரா: மீனை ஆர் தங்கச்சி நம்புவான்?

செல்வமலர்: அப்ப மற்றதைச் சொல்லுங்கோ. அவை இந்த வீட்டைத் தட்டினவையோ இல்லையோ?

பாலேந்திரா: …அந்தச் சுத்தியலைத் தாங்கோ.

செல்வமலர்: தட்டினவையோ?

பாலேந்திரா: இருட்டமுன்னம் அடிச்சு முடிக்கோணும், தாங்கோ.

செல்வமலர்: தரமாட்டன்.

பாலேந்திரா: …தட்டினவை. ரெண்டு தரம் வந்து தட்டினவை.

செல்வமலர்: ஆர் திறந்தது?

பாலேந்திரா: இந்தப் பலகையை ஒருக்காப் பிடியுங்கோ.

செல்வமலர்: உங்களைத்தான் கேக்கிறன்!

பாலேந்திரா: ஒருத்தரும் திறக்கேல்லை. செம்மஞ்சள் ஜக்கெற் போட்டுக்கொண்டு, கையிலை எழுதுற மட்டையோடை ரெண்டு வெள்ளையள் கேற்றைத் திறந்து வந்தால், நாங்கள் என்னெண்டு நினைக்கிறது? ஒண்டில் கவுன்சில், இல்லாட்டி இமிகிறேஷன். நாலு பேர் எண்டு சொல்லி எடுத்த வீட்டிலை பதினொரு பேர் கிடந்தம். விசா உள்ளவன் மூண்டு பேர்தான். டீவியை நிப்பாட்டிப்போட்டு எல்லாரும் நிலத்திலை படுத்திட்டம். அடுப்பிலை பருப்புப் பொங்கி வழியுது, ஒருத்தன் எழும்பேல்லை.

செல்வமலர்: அவை ஒண்டும் சொல்லேல்லையோ?

பாலேந்திரா: கதவிலை கடிதம் போடுற ஓட்டையைத் தூக்கிப் பிடிச்சு என்னவோ கத்தினவங்கள். 'ட்ரெயின், ட்ரெயின்' எண்டு எனக்குக் கேட்டது. நான் எழும்பப் பாத்தனான்.

செல்வமலர்: பாத்து…?

பாலேந்திரா: குலசேகரம் அண்ணை என்ரை சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்து, வாயிலை விரலை வைச்சார்.

செல்வமலர்: அவரைக் காப்பாத்தவெல்லோ அவை வந்தவை! பதினொரு ஆம்பிளையள்… ஒருத்தனுக்குக் கதவைத் திறக்க நெஞ்சிலை துணிவில்லையோ? நீங்கள் எல்லாரும் சேந்துதான் அவரைக் கொண்டு போட்டீங்கள்!

பாலேந்திரா: பேசுங்கோ. நல்லாய்ப் பேசுங்கோ. ஆனால் கோட்ஸிலை ஏறி நான் இதைச் சொல்ல ஏலாது. வீட்டிலை ஆர் ஆர் இருந்தது எண்டுதான் அடுத்த கேள்வி வரும். யாக்கோப்பைத் திருப்பி அனுப்பினால் அவனுக்கு அங்கை ஆமிக் காம்புதான். செத்தவருக்காக இருக்கிறவனைக் காட்டிக் குடுக்கிறதே? எனக்கும் நித்திரை இல்லைத் தங்கச்சி. உங்களைக் காணவே பயந்துகொண்டு திரிஞ்சனான்… அழாதையுங்கோ. முந்தி மாதிரி உங்கடை வீட்டிலையே இருந்திருந்தால் இதெல்லாம் வந்திராது. வேலை கிட்ட எண்டு தானாய்த்தானே இஞ்சை வந்தவர்.

செல்வமலர்: அப்பிடியோ சொன்னவர்?

பாலேந்திரா: ஓம். 'தங்கச்சி போகவேண்டாம் எண்டு அழுதவள், நான்தான் வந்திட்டன்' எண்டு எல்லாருக்கும் சொல்லுவார்.

செல்வமலர்: …அண்ணை, இந்த நிலத்திலை படுக்கிறது, விரல் வைக்கிறது… ஆர் உங்களுக்குப் பழக்கினது?

பாலேந்திரா: அவர்தான். வந்த கிழமையே எங்களை நிரையாய் நிப்பாட்டிப் பழக்கினவர், ட்ரில் மாஸ்ரர் மாதிரி. மணி அடிச்சால் முதல் லைற், பிறகு டீவி, பிறகு நிலம். செருப்பைக் கழட்டோணும், இருமல் வந்தால் தலேணியைக் கடிக்கோணும். எங்கை படிச்சீங்கள் எண்டு கேட்டால் சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார்… என்ன தங்கச்சி? ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்?

செல்வமலர்: இந்தாங்கோ சுத்தியல். நீங்கள் கோட்ஸுக்கு வரவேண்டாம். அண்ணா அந்த வீட்டிலை தனியத்தான் இருந்தவர், ஆர் தட்டினாலும் திறக்கமாட்டார் எண்டு நான் சொல்லுறன். உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம்… கேக்கட்டும். என்ரை வீட்டிலை மணி அடிச்ச நேரமெல்லாம், பிடிபட்டிடுவார் எண்ட பயத்திலை, அவரைப் படிக்குக் கீழை வீடு கூட்டுற ஹூவர் வைக்கிற அலுமாரிக்கை விட்டுப் பூட்டினது நான்தான் அண்ணை. செருப்பைக் கழட்டச் சொன்னதும், வாயிலை விரல் வைச்சுக் காட்டினதும் நான்தான். ஒருநாள் ஆரோ வந்திருக்கேக்கை அதுக்கை இருந்து இருமிப்போட்டார்… அண்டிரவுதான் அவரைப் போகச் சொன்னனான்.